வாசல் தெளித்த கான்ஸ்டபிள்

எங்கள் போலீஸ் பேட்ச்சின் பதினைந்தாம் ஆண்டு மலருக்கு அவரவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரவேண்டும் என்று ரிஃபாத் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். பெயர், ஊர், வாங்கிய விருது, மறக்க முடியாத கேஸ், பிள்ளைகள் எத்தனை. நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தோரு பேர் விழுந்து விழுந்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தன் தன் மச்சினன் வாங்கிய விருதைக்கூடச் சேர்த்திருக்கிறான். உஷாராணி மட்டும் ஒரே வரி அனுப்பியிருந்தாள்: "ஊர் சுத்துக்கேணி பக்கம், விருது எதுவும் இல்லை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உடனே போன் போட்டேன்.

"இன்னாடி எழுதி அனுப்பியிருக்க? சம்மன் மாதிரி இருக்குது."

"இருக்கிறத இருக்கிற மாதிரி எழுதியிருக்கேன் ஹசீனா. இல்லாதத எங்கேருந்து எழுதறது?"

"மறக்க முடியாத கேஸ்னு ஒரு கட்டம் இருக்குதே, அத ஏன் காலியா வுட்ட?"

"அடுப்புல பால் இருக்குது" என்று போனை வைத்துவிட்டாள். பதினைந்து வருடமாக அந்தப் பேச்சு வந்தால் அவள் அடுப்பில் பால் இருக்கும்.

அதனால் அவளுடைய அரைப் பக்கத்தை நான் எழுதுகிறேன். அரைப் பக்கத்தில் அடங்காது. ரிஃபாத் திட்டட்டும், எனக்கென்ன. நான் வில்லியனூர்க்காரி. அத்தாவுக்குப் பாத்திரக் கடை. பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவள், அவனைச் சமாளிக்கத் தெரியும்.

உஷாராணியை முதலில் பார்த்தது புதுச்சேரி கோரிமேட்டுப் போலீஸ் பயிற்சிப் பள்ளியில், சேர்ந்த மறுநாள் விடியலில். ஐந்தரைக்கு அணிவகுப்பு. நாங்கள் பதினோரு பெண்கள் அரைத் தூக்கத்தில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு பாரக் வாசலுக்கு ஓடி வந்தால், வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்து, சீராகப் பெருக்கி, நடுவில் ஒரு பெரிய கோலம். மைதானத்தில் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புத் தூளை எடுத்துப் போட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் நின்று டிரில் மாஸ்டர் "ஓடி வா, ஓடி வா" என்று கத்துகிறார். ஒருத்திக்கும் கோலத்தை மிதிக்க மனசு வரவில்லை. ஓரமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாகச் சுற்றிப் போய் வரிசையில் நின்றோம்.

"யாரு பண்ண வேல இது?"

ஒல்லியாக, கறுப்பாக, முன்பல் கொஞ்சம் தூக்கிய ஒரு பெண் கையைத் தூக்கினாள். "நான்தான் சார். கை தானா போயிடுச்சு."

மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டார். ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்காமல் நின்றாள். மறுநாளும் கோலம், மறுநாளும் மூன்று சுற்று. ஒரு வாரம் இப்படியே போன பிறகுதான் நின்றது. அதற்குப் பிறகும் நாலரைக்கு எழுந்து படுக்கையில் உட்கார்ந்து இரண்டு கையையும் பிசைந்துகொண்டிருப்பாள்.

அவள் அம்மா தையலம்மாள் நடவுக்கும் களைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர். விடிவதற்கு முன்னே கிளம்பிவிடுவார். ஏழு வயதிலிருந்து வாசல் உஷாராணி பொறுப்பு. தன் வீட்டு வாசல், பக்கத்தில் முடியாதவர்கள் வீட்டு வாசல், அப்புறம்தான் பள்ளிக்கூடம். சாணி கரைத்த தண்ணீரைக் கையால் அள்ளி வீசினால் ஒரு சொட்டு இடம் விடாமல் விழும் என்று பெருமையாகச் சொல்வாள். எங்கள் வீட்டிலும் காலையில் வாசலில் தண்ணீர் தெளிப்போம், கோலம் கிடையாது. அதனால் எனக்கு அதெல்லாம் ஒரு வேலையாகவே தெரிந்ததில்லை, இவளுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி.

பயிற்சி நடந்த அந்த ஒன்பது மாதமும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. வேகாத உப்புமா, வெயிலில் பழுத்த மைதானம், முதல்முதலாகப் புதுச்சேரிப் போலீஸின் சிவப்புத் தொப்பியை வைத்துக்கொண்டு கண்ணாடிக்காக அடித்துக்கொண்டது. அன்றைக்கு எங்களுக்கு இழப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

அதில் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது சார்லஸ் ஐயாவின் வகுப்பு. குற்றம் நடந்த இடத்துக்கு முதலில் போகிறவன் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதுதான் பாடம். யாரும் குடியில்லாத ஒரு குவார்ட்டர்ஸில் அவரே ஒரு களவை ஜோடித்து வைப்பார். கவிழ்ந்த நாற்காலி, உடைந்த வளையல், சிவப்பு மை, பாதி குடித்த பால் டம்ளர். ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ரிஃபாத் உள்ளே போனதும் புழுக்கமாக இருக்கிறது என்று ஃபேனைப் போட்டான். தடயமாகக் கிடந்த காகிதமெல்லாம் பறந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "திருடனே தேவலடா, அவன் ஃபேன் போடல" என்றார் ஐயா. என் கதை அதைவிட மோசம். டம்ளர் கவிழ்ந்து கிடந்தால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, கடையில் வளர்ந்த கை. எடுத்து நிமிர்த்தி, ஓரமாக வைத்து, கைக்குட்டையால் துடைத்தும் விட்டேன். டம்ளரில் இருந்த ரேகையெல்லாம் என் கைக்குட்டைக்கு வந்துவிட்டது.

"போலீஸ்காரனுக்குப் புத்தி பின்னாலதான் வரும், கைதான் முன்னால போவும்" என்று ஐயா சொல்வார். "அதனால உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கோ. உயிர் போற ஆளு இருந்தா மட்டும் அவுத்துக்கோ."

உஷாராணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். பத்து நிமிஷம் நின்ற இடத்தில் நின்று பார்த்தாள். வெளியே வந்து நேரம் எழுதினாள், வாசல் எந்தத் திசை என்று குறித்தாள், எது எங்கே கிடந்தது என்று இரண்டு சுவரிலிருந்தும் அளந்து படம் போட்டாள். பத்துக்குப் பத்து வாங்கியது எங்கள் பேட்ச்சில் அவள் ஒருத்திதான்.

கால் தடத்துக்குத் தனியாக ஒரு நாள் பாடம் நடந்தது. மண்ணில் தடம் கிடைத்தால் முதலில் அதை மூடு என்றார் ஐயா. மழை வரும், கோழி வரும், வேடிக்கை பார்க்கிறவன் வருவான். எந்த வீட்டிலும் ஒரு பேசின் இருக்கும், கவிழ்த்துவிடு. பிறகு போட்டோ, அளவு, கடைசியில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு. இதையெல்லாம் சொல்லிவிட்டு அன்றைக்கு ஒன்று சொன்னார்.

"நோட்டுல இருக்கிறத இருக்கிற மாதிரி எழுது. நீ அங்க ஒரு தப்பு பண்ணியிருந்தா அதுவும் அங்க இருக்கிறதுதான். அதயும் எழுது."

நாங்கள் சிரித்தோம். எவனாவது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வானா?

பயிற்சி முடிந்து என்னையும் உஷாராணியையும் பாகூர்ப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் போட்டார்கள். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். இருவருக்கும் தகுதிகாண் காலம், அதாவது வேலை இன்னும் கையில் முழுசாக வராத நேரம். கொஞ்சம் பிசகினாலும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். தையலம்மாள் அம்மா, மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த புடவையைக் கட்டாமல் பெட்டியில் வைத்திருந்தார். வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

மார்கழி பிறந்து நான்காம் நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போன் வந்தது. செல்வகுமாரி என்ற அம்மா வீட்டில் களவு போயிருந்தது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை வைக்க அம்மாவும் மகளும் முந்தின நாள் மதியமே கடலூர் போய்விட்டார்கள். வீட்டுக்காரருக்குச் சேதராப்பட்டுக் கம்பெனியில் இரவு ஷிப்டு. முதல் பஸ்ஸில் அந்த அம்மா மட்டும் திரும்பி வந்து பார்த்தால் வாசலோரத்து ஜன்னல் கம்பி வளைந்திருக்கிறது, பீரோ திறந்திருக்கிறது, கல்யாண நகை பதினெட்டு சவரன் காணோம். ஏட்டு கலைவேந்தன் ஐயா உஷாராணியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

அங்கே நடந்ததை அந்த நாட்களில் அவள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள், அதனால் நான் பார்த்த மாதிரியே சொல்வேன். ஜன்னலுக்குக் கீழே, வீட்டார் நடக்காத ஓரத்தில், வாசல் மண்ணில், ஒரே ஒரு கால் தடம். வெறுங்கால், வலது கால். முந்தின நாள் காலையில் தெளித்துப் பெருக்கிய வாசல், அதன் மேல் ராத்திரிப் பனி. அந்தத் தடம் களவுக்கு வந்தவனுடையதாகத்தான் இருக்கமுடியும், ஏனென்றால் மற்ற தடமெல்லாம் துடைப்பத்தோடு போயிருக்கும். ஐந்து விரலும் அச்சடித்த மாதிரி விழுந்திருந்தது. ஏட்டையா பார்த்துவிட்டு, "யாரையும் கிட்ட வுடாத. நான் போய் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி போட்டோகாரங்களையும் ரேகைக்காரங்களையும் வரச் சொல்றேன்" என்று கிளம்பினார். அந்தத் தெருவில் அவருடைய போனுக்கு சிக்னல் இல்லை.

உஷாராணி நோட்டை எடுத்தாள். நேரம் ஐந்து நாற்பது. தடத்தின் பக்கத்தில் பேனாவை வைத்துப் பார்த்து, ஒன்றே முக்கால் பேனா நீளம் என்று எழுதினாள். ஐந்து விரலையும் வரைந்தாள், கட்டைவிரல் ஆழம் என்று குறித்தாள். மூடுவதற்குப் பேசின் வேண்டும். வீட்டுக்குள்ளே போய் எடுக்கமுடியாது, உள்ளேயும் தடயம். பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால் இடத்தைவிட்டு நகரமுடியாது. ஏட்டையா வரட்டும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்குள் கோயிலில் மைக்செட் போட்டுவிட்டார்கள். மார்கழி அல்லவா, தெருவே எழுந்துவிட்டது. வரிசையாக ஒவ்வொரு வீட்டிலும் வாளிச் சத்தம், துடைப்பச் சத்தம். பெண்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தார்கள். செல்வகுமாரி பக்கவாட்டில் மாட்டுக்கொட்டகையோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். வெளிச்சம் வர வர அந்த அழுகை வேறு மாதிரி ஆனது.

"நகை போனா போவுது. கல்யாணம் வச்ச வூடு, மார்கழி மாசத்துல வாசல் காஞ்சி கெடக்குதே. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? சாவு வுழுந்த வூடு மாதிரி கெடக்குதேம்மா."

எங்கள் பக்கம் வாசல் தெளிக்காமல் கிடந்தால் அந்த வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எழுந்து, கொட்டகையிலிருந்த தண்ணீர் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்த செல்வகுமாரியை உஷாராணிதான் தடுத்தாள். "வேணாம்க்கா, கால் வைக்காதீங்க, நீங்க போய் உக்காருங்க" என்று அவர் கையிலிருந்த வாளியையும் துடைப்பத்தையும் வாங்கினாள்.

வாங்கினாள் அல்லவா, அதோடு போயிற்று. கையில் துடைப்பம், வாளியில் தண்ணீர், காதில் தெருவே பெருக்குகிற சத்தம், மனசில் அந்த அம்மாவின் அழுகை. பதினைந்து வருடமாக அந்த நேரத்துக்குச் செய்கிற வேலையைக் கை செய்துவிட்டது. தெளித்தாள், பெருக்கினாள், ஜன்னல் விளிம்பில் இருந்த கோலமாவு டப்பாவை எடுத்து ஏழு புள்ளி வைத்துக் கோலமும் போட்டாள். கடைசி இழையை வளைத்து முடித்து நிமிர்ந்தபோதுதான் தான் காக்கிச் சட்டை போட்டிருப்பது தெரிந்தது. தடம் இருந்த இடத்தில் கோலத்தின் ஒரு தாமரை இருந்தது.

ஏட்டையா திரும்பி வந்து வண்டியைக்கூட நிறுத்தவில்லை. "யாரு வாசல் தெளிச்சது?" என்று அலறினார்.

உஷாராணி வாய் திறப்பதற்குள் செல்வகுமாரி முன்னால் வந்து, "நான்தாங்க. புத்தி கெட்டுப் போய் தெளிச்சிட்டேன்" என்றார். தனக்காகக் குனிந்து கோலம் போட்ட பெண்ணை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஏட்டையா தலையில் அடித்துக்கொண்டார். வீட்டார் வாசலைச் சுத்தம் செய்துவிட்டதால் தடம் அழிந்தது என்று மகஜரில், அதாவது சம்பவ இடத்து அறிக்கையில், எழுதி, அக்கம்பக்கத்து ஆள் இருவரிடம் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. வீட்டாரைத் திட்டுவது எங்கள் இலாகாவில் புதிதில்லை, யாரும் சந்தேகப்படவில்லை.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

மறுநாள் ரேகைக்காரர்கள் சொன்னார்கள், ஜன்னல் கம்பியில் நல்ல ரேகை கிடைத்திருக்கிறது என்று. மூன்று நாளைக்கு முன் அந்த வீட்டு மோட்டார் ரிப்பேருக்கு வந்து, அந்த ஜன்னல் வழியாக வயர் இழுத்தவர் செல்லப்பன் என்ற மெக்கானிக். கூப்பிட்டு ரேகை எடுத்தார்கள், ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? வயர் இழுத்த கை. ஆனால் வீட்டைப் பார்த்தவன், பீரோவைப் பார்த்தவன், ரேகையும் இருக்கிறது என்றால் இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்? சாயங்காலம் கைது எழுதி மறுநாள் கோர்ட்டில் நிறுத்துவது என்று முடிவாகிவிட்டது. வெளியே அவர் மனைவி மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

செல்லப்பன் செருப்பை ஸ்டேஷன் படியிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தார், கோயிலுக்குள் வருகிற மாதிரி. பெஞ்சில் உட்காராமல் தரையில் குந்தியிருந்தார். மதியம் உஷாராணி அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனாள். குனிந்து சொம்பை வைத்தபோது அவர் வலது காலைப் பார்த்தாள். கட்டைவிரல் இல்லை. நாலே விரல்.

"காலுக்கு இன்னாண்ணே ஆச்சி?"

"கதிரடிக்கிற மிஷின்ல போயிடுச்சும்மா. பத்து வருஷம் ஆவுது."

என்னை ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்போதுதான் வாசலைத் தெளித்தது யார் என்றே எனக்குத் தெரியும். நோட்டைத் திறந்து காட்டினாள். பேனா நீளம், ஐந்து விரல், கட்டைவிரல் ஆழம்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அவள் கதையில் அதுவும் இருக்கிறதுதானே.

"வாய மூடிக்கினு இரு" என்றேன். "அந்தம்மாவே நான்தான்னு சொல்லிட்டாங்க. உனக்கு இன்னா வந்துச்சு? வேல போயிடும்டி. உங்கம்மா கரும்பு வெட்டி வெட்டி உன்னப் படிக்க வச்சது இதுக்குத்தானா? அந்தப் பக்கத்தக் கிழிச்சிக் குடு, நான் அடுப்புல போடறேன்."

கையையும் நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கிழிச்சா அந்த ஆளுக்கு அஞ்சு விரல் முளைச்சிடும் ஹசீனா" என்றாள். "வேல போனா எனக்கு நடவு இருக்குது. அவரு ஜெயிலுக்குப் போனா எந்த மோட்டாருக்கு யாரு அவர இனிமே கூப்புடுவாங்க?"

நேராக இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனாள். நின்றபடியே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தை நான் பிறகு பார்த்தேன். 'காவலுக்கு நிறுத்தப்பட்ட நான், காலை ஆறு மணியளவில், வலது பாதத் தடம் இருந்த வாசலைத் தண்ணீர் தெளித்துப் பெருக்கிக் கோலமும் போட்டுவிட்டேன். தடத்தில் ஐந்து விரல்கள் இருந்தன. வீட்டார் மீது தவறு இல்லை.' இவ்வளவுதான். கை தானாகப் போய்விட்டது என்றுகூட எழுதவில்லை.

இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தாராம். போலீஸ்காரி கோலம் போட்டாளா என்று. இரண்டாம் முறை படித்ததும் மேஜையை அறைந்தார், அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. "கோர்ட்டுல இத வச்சி என்னை நாறடிப்பாங்க, தெரியுமா உனக்கு?" என்றார். செல்வகுமாரியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார். அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் செல்லப்பனை எழுந்து நிற்கச் சொல்லி அவர் காலையே ரொம்ப நேரம் பார்த்தார். நல்ல மனிதர்தான், கோபம் மட்டும் ஜாஸ்தி. "இந்தப் பொண்ணு எழுதினதாலதான் போற" என்று சொல்லி அனுப்பினார்.

வீடு பூட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று விசாரித்ததில் எட்டாம் நாள் ஆள் கிடைத்தான். செல்வகுமாரியின் கொழுந்தனார் மகன். கடலூரில் நகையை அடகு வைக்கப் போன இடத்தில் மாட்டினான். வலது காலில் ஐந்து விரலும் பத்திரமாக இருந்தன. மகள் கல்யாணம் தையில் நடந்தது.

உஷாராணிக்குப் பணியிடை நீக்கம். விசாரணை முடியும்வரை சொந்த ஊரில் இருக்கவேண்டும், வேறெங்கும் போகக்கூடாது. வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம், யாருக்கும் தெரியாது. துணிப்பையோடு அவளைப் பஸ் ஏற்றிவிட்டது நான்தான். பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது செல்லப்பன் ஸ்டேஷனுக்கு வந்தார். அதே மாதிரி செருப்பைப் படியில் விட்டுவிட்டு.

"அந்தப் போலீசம்மா எப்பிடி இருக்காங்க?"

எனக்கு யாரிடமாவது கொட்டவேண்டும் போலிருந்தது. "எப்பிடி இருப்பா? தொடப்பத்தயே தொட மாட்டேங்கறாளாம். கண்ணு முன்னாலயே வாளி இருந்தாலும் கையப் பின்னால கட்டிக்கினு உக்காந்திருக்காளாம். அவங்கம்மாவும் ரோஷக்காரங்க, எத்தினி நாளைக்கு இப்பிடி இருப்பான்னு பாக்கறேன்னு அவங்களும் தெளிக்கறதில்ல. மார்கழி பூரா வாசல் காஞ்சி கெடக்குது. தெருவுல போறவங்க யாருக்குன்னா இன்னா ஆச்சின்னு கேக்கறாங்களாம்."

அவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

பொங்கலன்று காலை நான் கிளம்பினேன். எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை, ஆனால் கடை வைத்திருக்கிற வீட்டுக்கு எல்லாப் பண்டிகையும் தெரியும். "அந்தப் பொண்ணு வூட்டுக்கு வெறுங்கையோட போவாத" என்று அத்தா கடையிலிருந்து பெரிய எவர்சில்வர் பேசின் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், அரிசி களைய. முதல் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி நடந்து, அவள் தெருவுக்குள் நுழைந்தபோது ஆறரை மணி. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுதான் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

இந்த இடத்தில் மலருக்கு வேண்டிய விவரத்தை எழுதிவிடுகிறேன். அவள் வேலை போகவில்லை. தகுதிகாண் காலத்தை ஒரு வருடம் நீட்டினார்கள். தையலம்மாள் அம்மாவின் புடவை இன்னும் ஒரு வருடம் பெட்டியில் இருந்தது. நாங்கள் நாற்பத்தோரு பேரும் ஏட்டான பிறகுதான் அவள் ஏட்டானாள். பணிமூப்புப் பட்டியலில் எங்கள் பேட்ச்சில் கடைசிப் பெயர் அவளுடையது, ஓய்வு பெறுகிறவரைக்கும் அப்படித்தான் இருக்கும். விருது என்று அரசாங்கம் எதுவும் கொடுக்கவில்லை.

அந்தப் பொங்கல் காலையில் அவள் வீட்டு வாசல் நனைந்திருந்தது. தெளித்தது அழகாக இல்லை. ஒரு இடத்தில் குளம், ஒரு இடத்தில் வறட்சி. பெருக்கியதும் கோணல்மாணல். சுவரோரம் இரண்டு கரும்பு சாய்த்து வைத்திருந்தது. உஷாராணி வாசற்படியில் நின்றிருந்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் தையலம்மாள் அம்மா நின்று யாரிடமோ சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

"டிவிஎஸ் வண்டியில வந்தாரு, செருப்ப வண்டிகிட்டயே வுட்டுட்டாரு. போலீசம்மா வூடு இதானான்னு கேட்டாரு. வாளிய எடுத்தாரு, தொடப்பத்த எடுத்தாரு. நான் வேணாம்னு சொல்லச் சொல்லக் கேக்கல. ஆம்பள வாசல் தெளிக்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன். ஒரு வாய் காப்பி குடிக்காம பூட்டாரு."

பாகூரிலிருந்து சுத்துக்கேணிப் பக்கம் வருவதென்றால், அந்தப் பனியில், அந்த வண்டியில், நாலு மணிக்காவது கிளம்பியிருக்கவேண்டும். நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய் வேகமாக வாசலுக்கு நடந்தேன்.

"ஏய், நில்லு!" என்று உஷாராணி கத்தினாள். மண்ணைக் காட்டினாள்.

பெருக்கி முடித்துவிட்டுத் திரும்பிப் போனவருடைய தடம். ஈர மண்ணில் வலது கால் ஒன்று நன்றாகப் பதிந்திருந்தது. நாலு விரல். கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் மண் வழுவழுவென்று இருந்தது.

அவள் படியிறங்கி வந்து, என் கையிலிருந்த புதுப் பேசினை வாங்கி, அந்தத் தடத்தின் மேல் மெதுவாகக் கவிழ்த்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் எதற்கென்று தெரியாமல் அழுதோம். மன்னிப்பை நான் கேட்கவே இல்லை, கேட்கிற மாதிரி அவள் முகம் இல்லை. உள்ளே போய்க் கோலமாவை எடுத்து வந்து, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகக் குனிந்து, அந்தப் பேசினைச் சுற்றிப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

"நீ ஓரமா சுவரப் புடிச்சிக்கினு உள்ள வா" என்றாள் நிமிராமலே. "மிதிச்சிடப் போற."